பின்பக்க எக்ஸ்டென்ஷனுக்குத் தரைச்சூடு: தண்ணீர்க் குழாயா, மின்பாயா?

ஹாரோவாசி:
லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அண்டைவீட்டோடு பொது). பின்னால் 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் ஆழத்துக்கு எக்ஸ்டென்ஷன் நடக்கிறது. சமையலறையும் சாப்பிடும் இடமும் ஒரே அறை. தோட்டத்துப் பக்கம் 4 மீட்டர் மடிப்புக் கதவு, கூரையில் இரண்டு கண்ணாடித் திறப்பு. ஈரத்தடுப்பு ஷீட்டும் அடிக்கான்கிரீட்டும் போட்டாயிற்று. கான்கிரீட் மேல்மட்டத்திலிருந்து பழைய வீட்டுத் தரை மட்டம் வரை 205 மி.மீ. இருக்கிறது.

பில்டர் சொல்வது: 50 மி.மீ. பிஐஆர் பலகை (கடின நுரைக் காப்புப் பலகை), மேலே குழாய், அதை மூட நல்ல கனமாக ஸ்கிரீட் (மணல் சிமெண்ட் கலவை), டைல். இல்லையென்றால் டைலுக்கு அடியில் மின்பாய் விரித்துவிடலாம், வேலை சீக்கிரம் முடியும் என்கிறார். பாய்லர் 30 கிலோவாட் காம்பி (வெந்நீரும் வீட்டுச் சூடும் ஒன்றே தருவது). மற்ற அறைகளில் எல்லாம் ரேடியேட்டர். எதை எடுப்பது? எந்தக் கம்பெனிக் குழாய் நல்லது?

வெப்பக்கணக்கு:
குழாய்க் கம்பெனி கடைசிக் கேள்வி. முதலில் அந்த அறை எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வெளியே −2, உள்ளே 21 டிகிரி, வித்தியாசம் 23. இங்கிலாந்துக் கட்டட விதிப்படி புதுச் சுவரின் யூ மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக வெளியேறும் வாட்) 0.18, கூரை 0.15, தரை 0.18, கதவு ஜன்னல் 1.4 என்று வைத்துக்கொண்டால்: மடிப்புக் கதவு 8.4 சதுர மீட்டர் × 1.4 × 23 = 270 வாட். கூரைக் கண்ணாடி சுமார் 100. மூன்று பக்கச் சுவர் 130. கூரை 100. தரை 125. காற்றுப் போக்குவரத்துதான் பெரிது: 75 கன மீட்டர் காற்று மணிக்கு ஒருமுறை மாறினால் 570. மொத்தம் ஏறக்குறைய 1,300 வாட்.

சமையலறை அலமாரிக்கு அடியில் குழாய் போடமாட்டீர்கள். அதற்கு 6 சதுர மீட்டர் கழித்தால் மீதி 24. ஆக, சதுர மீட்டருக்கு 54 வாட். இதற்குத் தரையின் மேற்பரப்பு 26 டிகிரி இருந்தால் போதும். நடமாடும் இடத்துக்கு ஈ.என். 1264 என்ற ஐரோப்பியத் தரவிதி தரும் உச்சவரம்பு 29, அறை 20 டிகிரி என்றால் அப்போது சதுர மீட்டருக்கு 100 வாட் கிடைக்கும். உங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

மின்பாயும் இந்த 1,300 வாட்டைத் தந்துவிடும். ஆனால் இங்கே மின்சார யூனிட் எரிவாயு யூனிட்டைப்போல சுமார் நான்கு மடங்கு விலை. காலையில் அரை மணி நேரம் குளியலறைத் தரையைச் சூடாக்க மின்பாய் சரி. நாள் முழுக்கப் புழங்கும் சமையலறைக்கு வேண்டாம். தரையைத் திறந்துபோட்டிருக்கும்போதே குழாயைப் போட்டுவிடுங்கள்.

சூட்டுக்குழாய்:
மேலே சொன்ன கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பில்டரின் 50 மி.மீ. பலகையோடு மட்டும் ஒத்துப்போக முடியாது. உங்கள் தரையின் அளவு, லண்டன் களிமண், இரண்டையும் வைத்துப் பார்த்தால் 50 மி.மீ. பிஐஆர் சுமார் 0.26 யூ மதிப்புத் தரும், 100 மி.மீ. சுமார் 0.16. விதி கேட்பது 0.18. கட்டட ஆய்வாளர் திருப்பி அனுப்பினால் நல்லது. பார்க்காமல் விட்டுவிட்டால்தான் கஷ்டம்.

உங்கள் 205 மி.மீ. அச்சாக அமைந்திருக்கிறது: பலகை 120, ஸ்கிரீட் 65, டைலும் ஒட்டும் கலவையும் 20. 120ஐ ஒரே பலகையாக வாங்காமல் 60 + 60 என்று இரண்டு அடுக்காக, மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டுக்கு நேரே வராதபடி விரியுங்கள். மூட்டுகளுக்கு அலுமினிய டேப். சுவரோரம் முழுக்க 25 மி.மீ. பிஐஆர் துண்டை நிறுத்தி, அதன் உள்பக்கம் 8 முதல் 10 மி.மீ. நுரைப்பட்டி. மடிப்புக் கதவின் அடிச்சட்டத்துக்கு எதிரேயும் அந்த 25 மி.மீ. துண்டு கட்டாயம். அங்கே ஸ்கிரீட் நேராக வெளிப்பக்கக் கான்கிரீட்டைத் தொட்டால், தோட்டத்தைச் சூடாக்கும் செலவு உங்கள் தலையில்.

ஹாரோவாசி:
நன்றி. பில்டரிடம் சொன்னேன். "சூடு மேலேதானே போகும், கீழே எதற்கு அவ்வளவு கனம்?" என்கிறார்.

சூட்டுக்குழாய்:
மேலே போவது சூடான காற்று. திடப்பொருளுக்குள் சூடு எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கம் போகும். அதற்கு மேல் கீழ் கிடையாது. ரேடியேட்டர் வைத்த அறையில் தரை 19, 20 டிகிரியில் இருக்கும். குழாய் போட்டபின் பலகையின் தலைமேல் 30 டிகிரிக்கு மேல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் தரைச்சூட்டுக்குப் பலகை கூடுதலாக வேண்டும். ஸ்கிரீட்டை 65க்கு மேல் கனமாக்கி ஒரு லாபமும் இல்லை, அந்த உயரத்தைப் பலகைக்குக் கொடுங்கள்.

இனி குழாய். 16 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. சுவர். பி.இ.ஆர்.டி., பெக்ஸ் (இரண்டும் பிளாஸ்டிக் வகை), நடுவில் அலுமினியம் வைத்தது, எதுவானாலும் ஆக்சிஜன் தடுப்பு அடுக்கு இருக்கவேண்டும். அது இல்லாத மலிவுக் குழாயில் காற்று ஊடுருவி, பாய்லரிலும் ரேடியேட்டரிலும் உள்ள இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாக மேனிஃபோல்ட்டில் (சுற்றுகளுக்குத் தண்ணீரைப் பிரித்து அனுப்பும் இணைப்பு) வந்து அடைக்கும். அலுமினிய அடுக்கு உள்ளது வளைத்தால் வளைத்தபடி நிற்கும், தனியாளாகப் போடுகிறவருக்கு நிம்மதி. பி.இ.ஆர்.டி. மலிவு, ஆனால் குளிரில் ஸ்பிரிங் மாதிரி எகிறும். சுருளைச் சூடான அறையில் ஓர் இரவு வைத்துவிட்டுப் போடுங்கள்.

இடைவெளி 150 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர் குழாய். மடிப்புக் கதவை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் 100 மி.மீ. இடைவெளி. எல்லாம் சேர்த்து, மேனிஃபோல்ட்டுக்குப் போகவர ஆகும் நீளத்தோடு 185 மீட்டர் வரும். இதை ஒரே சுற்றாகப் போடவே கூடாது. 16 மி.மீ. குழாய்க்கு 100 மீட்டர் அளவான சுற்று. 120ஐத் தாண்டினால் பம்ப் தள்ளத் திணறும். உங்களுக்கு இரண்டு சுற்று, ஒவ்வொன்றும் 92 மீட்டர். 100 மீட்டர் சுருள் இரண்டு வாங்கினால் ஸ்கிரீட்டுக்குள் மூட்டே வராது. சுருளில் மிச்சம் இருக்கிறதே என்று ஒட்டுப்போடுகிற வேலை வேண்டாம்.

பாம்பு மாதிரி முன்னும் பின்னும் ஓட்டினால் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் ஆறிப்போயிருக்கும். நத்தைச் சுருளாக உள்ளே போய்த் திரும்பி வந்தால் போகும் குழாயும் வரும் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், தரை சீராக இருக்கும். வளைவும் மென்மையாக அமையும், 16 மி.மீ. குழாயை 80 மி.மீ. ஆரத்துக்குக் கீழே மடக்கினால் கசங்கிவிடும். கசங்கிய குழாயை நிமிர்த்தி அப்படியே புதைக்காதீர்கள். அந்தச் சுற்றையே எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக விடுங்கள்.

நேர் ஓட்டத்தில் 40 செ.மீ.க்கு ஒரு கிளிப், வளைவுக்கு மூன்று நான்கு. 600 கிளிப் வாங்குங்கள். குழாய் மேல் மீட்டர் எண் அச்சடித்திருக்கும். தொடங்கும் எண்ணையும் முடியும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், சுற்றின் நீளம் அதுதான். பின்னால் நீரோட்டம் சமன்செய்ய அந்த எண் இல்லாமல் ஒன்றும் ஆகாது.

மண்சீமெந்து:
ஸ்கிரீட் போடுற பக்கத்தில இருந்து சிலது சொல்லுறன்.

30 சதுர மீட்டருக்கு 65 மி.மீ. எண்டால் கிட்டத்தட்ட 2 கன மீட்டர். இந்தச் சின்ன அளவுக்கு பம்பால ஊத்துற அன்ஹைட்ரைட் (ஜிப்சம் வகை நீர்ம ஸ்கிரீட்) கட்டுப்படியாகாது, லொறிக்கு எண்டு ஒரு ஆகக்குறைஞ்ச காசு வாங்குவாங்கள். முழு வீட்டுக்கும் போடுறதெண்டால் அது திறம்: 50 மி.மீ. காணும், குழாயைச் சுத்தி இடைவெளி இல்லாமல் ஓடிப்பிடிக்கும். உங்களுக்கு மணல் சீமெந்துதான் சரி.

சீமெந்து ஒண்டுக்கு ஷார்ப் சாண்ட் (சொரசொரப்பான மணல்) நாலு. கல்லுக் கட்டுற மெல்லிய மணல் வேண்டாம், சுருங்கி வெடிக்கும். நார் சேர்த்தால் நல்லது. தண்ணி கொழுக்கட்டை மாப் பதத்துக்கு இல்லை, பிட்டுக்குக் குழைக்கிற பதம். கையில பிடிச்சால் உருண்டையா நிக்கவேணும், விரலுக்கால தண்ணி கசியக்கூடாது. தண்ணி கூடினால் போடுறது லேசு, பேந்து ஓரம் கிளம்பி நடு வெடிக்கும்.

கனபேர் விடுற பிழை, 65 மி.மீ.யையும் ஒரே தரத்தில கொட்டி மேலால இழுக்கிறது. பாக்க வடிவா இருக்கும். குழாய்க்குக் கீழ கலவை இறுகாமல் பொள்ளலா நிக்கும், அந்த இடத்தில சூடு ஏறாது, மேல டைலும் தட்டினால் டொக் டொக் எண்டும். குழாய் மூடுற அளவுக்கு முதல் அடுக்கு, அதை மிதிச்சு இடிச்சு இறுக்கி, ஈரம் காயமுதல் ரெண்டாம் அடுக்கு.

இன்னொண்டு. பிஐஆர் பலகையின்ர வெள்ளித்தாளில ஈரச் சீமெந்து நேரா படக்கூடாது, அந்தக் காரம் அலுமினியத்தைத் தின்னும். நடுவில 500 கேஜ் பொலித்தீன் ஒண்டு விரியுங்கோ, குழாய்க் கிளிப் அதுக்குள்ளால குத்திப் போகும். பலகை மேல தள்ளுவண்டில் ஓட்டுறதெண்டால் பலகைத்துண்டு போட்டு ஓட்டுங்கோ.

ரேடியேட்டர்கட்சி:
இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? சுவரில் ஒரு பெரிய தகட்டு ரேடியேட்டர் மாட்டினால் பத்து நிமிடத்தில் அறை சூடாகிவிடும். தரைச்சூடு போட்ட வீடுகளில் காலையில் ஆறு மணிக்கு ஓடவிட்டால் ஒன்பது மணிக்குத்தான் கால் சூடு தெரிகிறது என்று புலம்புகிறார்கள்.

வெப்பக்கணக்கு:
புலம்பல் உண்மைதான். காரணம் அவர்கள் ரேடியேட்டர் மாதிரி அதை இயக்குவது. அந்த ஸ்கிரீட்டின் எடை ஏறக்குறைய நாலு டன். அதை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோவாட்மணி வேண்டும். இரவில் அணைத்து எட்டு டிகிரி ஆறவிட்டால், காலையில் 8 யூனிட் தரைக்குள் போனபிறகுதான் அறைக்கு ஏதாவது வரும். ஆகவே அணைக்கக்கூடாது. பகலில் 21, இரவில் 19, அவ்வளவுதான் இறக்கவேண்டும். வாரக்கணக்கில் வெளியூர் போனால் 16.

இன்னொரு பக்கமும் பாருங்கள். வெயில் மடிப்புக் கதவு வழியாக உள்ளே வந்து அறை 24 ஆனால், 26 டிகிரித் தரைக்கும் அறைக்கும் வித்தியாசம் இரண்டுதான். தரை தானாகவே சூடு தருவதைக் குறைத்துக்கொள்ளும். 60 டிகிரி ரேடியேட்டருக்கு அந்த அடக்கம் கிடையாது.

ஒரே அறையில் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் இருப்பவர் என்றால் ரேடியேட்டர்தான் சரி, அதில் உங்களோடு சண்டை இல்லை.

ஹாரோவாசி:
முன் அறைக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா? அது பழைய மரத்தளம், கீழே வெற்றிடம்.

சூட்டுக்குழாய்:
அங்கே அவசரப்படாதீர்கள். மரத்தளத்தில் பலகையைத் தூக்கி, உத்தரங்களுக்கிடையே வலை கட்டிக் கம்பளிப் பஞ்சு அடைத்து, அலுமினியத் தகட்டில் குழாய் பதித்தால் சதுர மீட்டருக்கு 40, 50 வாட் கிடைக்கும். மேலே ஒட்டும் 18, 20 மி.மீ. பள்ளப் பலகையும் உண்டு. அதில் 12 மி.மீ. குழாய்தான் போகும், சுற்று 60, 70 மீட்டரோடு நிறுத்தவேண்டும். கதவெல்லாம் அடியில் இழைக்கவேண்டி வரும், படிக்கட்டின் முதல் படி குட்டையாகும்.

1930 வீட்டின் முன் அறை, காப்பில்லாத சுவரும் வளைவு ஜன்னலுமாக, பல இடங்களில் சதுர மீட்டருக்கு 80 வாட்டுக்கு மேல் இழக்கிறது. 50 தருகிற தரை அதற்குப் போதாது. சுவருக்குக் காப்புச் செய்யும்வரை ரேடியேட்டர் அங்கேயே இருக்கட்டும். மரத்தளத்துக்குக் கீழே காற்றுப் போகும் துளைச் செங்கல்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் கட்டும்போது பின்பக்கத் துளை மூடிப்போயிருக்கும், புதுத் தரைக்கு அடியில் குழாய் விட்டு வெளியே கொண்டுவந்தார்களா என்று இப்போதே கேளுங்கள். பிறகு மர உத்தரம் அழுகும்.

வெப்பக்கணக்கு:
தரை மேல் ஒட்டப்போவது டைலா மரமா என்று நீங்கள் முடிவாகச் சொல்லவில்லையே. அதைப் பொறுத்துத்தான் தண்ணீர்ச் சூடு. உங்கள் 54 வாட்டுக்கு டைல் என்றால் சுமார் 34 டிகிரித் தண்ணீர் போதும். 14 மி.மீ. அடுக்கு மரம் ஒட்டினால் சுமார் 40. கனத்த கம்பளம் என்றால் 43; அதோடு அடித்தாளும் சேர்ந்து வெப்பத்தடை 1.5 டாக்கை (கம்பளத்தின் வெப்பத்தடையை அளக்கும் அலகு) தாண்டினால் போடவே வேண்டாம். மரத்தின் மேற்பரப்பு 27க்கு மேல் போகக்கூடாது. ஓக் தாங்கும், பீச்சும் மேப்பிளும் சுருங்கி விரிந்து இடைவெளி காட்டும்.

இப்போது எரிவாயு பாய்லர் என்பதால் 34க்கும் 40க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னாளில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தரும் மின் இயந்திரம்) வைத்தால் தண்ணீர் ஒரு டிகிரி குறையக் குறைய மின்சாரம் சுமார் 2.5 சதவீதம் மிச்சம். டைல் எடுங்கள்.

காம்பியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 30 கிலோவாட் பாய்லர்கள் பலவும் எவ்வளவு தாழ்ந்தாலும் 5, 6 கிலோவாட்டில் நிற்கும். தரை மட்டும் கேட்கும்போது, அந்த 1,300 வாட்டோடு கீழே கசிவதற்குப் பத்து சதவீதம் கூட்டினாலும், வேண்டியது 1.4. பாய்லர் இரண்டு நிமிடம் எரியும், அணையும், மறுபடி எரியும். நாள் முழுக்க இதே கதை என்றால் எரிவாயுவும் வீண், பாய்லரின் ஆயுளும் குறையும். கீழ்த்தள ரேடியேட்டர்களையும் தரையையும் ஒரே நேரத்தில் சூடு கேட்கும்படி இணையுங்கள். வெளிக்குளிருக்கு ஏற்பத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் உணரியை பாய்லருக்கு மாட்டுங்கள்.

சூட்டுக்குழாய்:
ரேடியேட்டருக்கு 55 போகும்போது தரைக்கு 34 தேவை என்பதால் மேனிஃபோல்ட்டில் மிக்சிங் வால்வும் (ஆறித் திரும்பும் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைப்பது) தனி பம்ப்பும் வேண்டும். இரண்டு வாய் மேனிஃபோல்ட், நீரோட்டக் குமிழோடு. நாளைக்கு ஹீட் பம்ப் வந்தால் அந்த மிக்சிங் வால்வையும் பம்ப்பையும் கழற்றிவிட வேண்டும். அதை விட்டுவைத்து, தரை சூடாகவில்லை என்று ஹீட் பம்ப்பை 45க்கு ஏற்றி ஓட்டுகிற வீடுகள் நிறைய. கழற்ற வசதியாக இரண்டு பக்கமும் வால்வு வைத்து மாட்டச் சொல்லுங்கள்.

நீரோட்டம்: 1,430 வாட்டை 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 4.1 லிட்டர். சுற்றுக்கு 2 லிட்டர் என்று குமிழைத் திருப்பி வையுங்கள். தண்ணீர் நிரப்பும்போது இரண்டு வாயையும் மூடி, ஒன்றை மட்டும் திறந்து, ஹோஸ் வழியாக வேகமாக விடுங்கள். வெளியே வாளிக்குள் விட்ட குழாய்முனையில் குமிழி நிற்கும்வரை அடுத்த சுற்றைத் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் நிரப்பினால் காற்று ஒன்றில் மாட்டிக்கொள்ளும். பாதித் தரை குளிர்ந்துகிடப்பதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். குழாயில் நிற்பது 21 லிட்டர்தான், சீக்கிரம் முடிந்துவிடும்.

பிறகு 6 பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரம். புதுக் குழாய் உப்பிக்கொள்ளும், முதலில் முள் கொஞ்சம் இறங்கும், பயப்படாமல் ஏற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஸ்கிரீட் போடும்போது 3 பாரில் வைத்து, யாராவது மண்வெட்டியால் குத்திவிட்டால் தெரியும்படி அளவியைக் கண்ணுக்கு எதிரே மாட்டுங்கள். உறைபனி இரவுகளில் தண்ணீரை உள்ளே விட்டுவைக்காதீர்கள்.

ஹாரோவாசி:
பில்டர் 120க்கு ஒத்துக்கொண்டார். அடைபட்ட துளைச் செங்கலையும் கண்டுபிடித்தாயிற்று, ஒன்று மூடித்தான் இருந்தது. இரண்டு சந்தேகம். தெர்மோஸ்டாட் எங்கே? ஸ்கிரீட் போட்டபின் எத்தனை நாளில் டைல் ஒட்டலாம்? பில்டர், பாய்லரைப் போட்டுவிட்டால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும் என்கிறார். வீட்டில் அம்மா வேறு, அரிசி மூட்டை வைக்கிற மூலையிலும் சூடு வருமா என்று கேட்கிறார்.

சூட்டுக்குழாய்:
அம்மா கேட்டது சரியான கேள்வி. அரிசி, பருப்பு, எண்ணெய் வைக்கும் மூலை, ஃப்ரிட்ஜ், தீவு மேசை (சமையலறை நடுவில் நிற்கும் மேடை), இவற்றுக்கு அடியில் குழாய் விடாதீர்கள். தரையில் பாய், மெத்தை நிரந்தரமாகக் கிடக்கும் இடம் இருந்தாலும் அதேதான்; அடியில் சூடு தேங்கும். தோசை மாவுப் பாத்திரத்துக்கு மட்டும் தரையில் ஒரு சூடான இடம் விட்டுவைத்தால் குளிர்காலத்தில் பயன்படும்!

தெர்மோஸ்டாட் 1.2, 1.5 மீட்டர் உயரத்தில், உட்சுவரில். மடிப்புக் கதவின் வெயில் படக்கூடாது, அடுப்புப் பக்கமும் கூடாது.

மண்சீமெந்து:
ஒரு கிழமையில காயவைக்கிற கதை வேண்டாம். சீமெந்து இறுகுறதுக்கே ஈரம் வேணும். போட்டவுடன பொலித்தீனால மூடி ஏழு நாள் விடுங்கோ. 21 நாள் முடியமுதல் சூடு போடக்கூடாது. பேந்து 25 டிகிரித் தண்ணி மூண்டு நாள், அங்கால ஓடப்போற உச்சச் சூட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள். இதுக்கு முதல் சூடாக்கினால் மேல்பக்கம் மட்டும் காஞ்சு சுருங்கி, மூலையெல்லாம் கிளம்பும்.

ஈரம் போறது 50 மி.மீ. வரைக்கும் நாளைக்கு ஒரு மி.மீ., அதுக்கு மேல அரைவாசி வேகம். உங்கட 65க்கு 80 நாள். மரம் ஒட்டுறதெண்டால் ஈரமானி 75 சதவீதத்துக்குக் கீழ காட்டவேணும். டைலுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, நடுவில பிரிப்புத் தாள் ஒண்டு ஒட்டி, வளையக்கூடிய எஸ்1 வகைக் கலவையால ஒட்டலாம். ஒட்டுற நேரம் சூட்டை நிப்பாட்டுங்கோ. சுவரோரம் டைலை முட்டவிடாமல் சிலிக்கோன் போடுங்கோ.

பழைய வீட்டுத் தரையும் புதுத் தரையும் சந்திக்கிற வாசலில அசைவு மூட்டு வேணும். அதைக் குழாய் கடக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் 300 மி.மீ. உறைக்குழாய் போட்டுவிடுங்கோ.

சூட்டுக்குழாய்:
ஸ்கிரீட் வரும் நாள் காலையில், அளவு நாடாவை இரண்டு சுவரிலிருந்தும் தரையில் நீட்டிவைத்து மூலைக்கு மூலை படம் எடுங்கள். தீவு மேசையைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்குகிறவர் முதலில் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான். சுற்று எண், நீளம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், மூன்றையும் மேனிஃபோல்ட் பெட்டிக் கதவின் உட்பக்கம் அழியாத மையால் எழுதி வையுங்கள்.